இங்கிலீஷ் வியாசமும் இரவல் வாக்கியங்களும்

காஞ்சீபுரத்திலிருந்து வந்தவாசிக்குச் செல்லும் பாதையில், பாலாற்றுப் பாலத்தை அடைவதற்குச் சற்று முன்பாக உள்ளது செவிலிமேடு. இன்று அது காஞ்சீபுரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டதாயினும், ஊருக்குரிய அடையாளங்களை இன்னும் இழந்துவிடவில்லை. லக்ஷ்மி நரஸிம்மப் பெருமாள் கோயில் இருக்கிறது. ராமானுஜர் நாள்தோறும் வரதராஜப் பெருமாளுக்குத் தீர்த்தம் எடுத்துச் சென்றதாக ஐதிகம் கூறும் சாலைக் கிணறு இருக்கிறது. தறியின் ஓசையும் சில வீடுகளில் இன்னும் கேட்கிறது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்த ஊரில் நண்பர் ஒருவர் நடத்தி வரும் இலவச வகுப்பைப் பார்க்க நேர்ந்தது. பிளஸ் டூ வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் இருபத்தாறு பேர் ஒரு வீட்டின் திண்ணையிலும் கூடத்திலுமாக அமர்ந்திருந்தனர். அவர்கள் இங்கிலீஷில் எழுதிய வியாசங்களைப் படித்துப் பார்க்கும்படி நண்பர் நம்மிடம் ஒரு கட்டு நோட்டுப் புஸ்தகங்களைக் கொடுத்தார். நாமும் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தோம்.

அன்று கொடுக்கப்பட்டிருந்த தலைப்பு, நதிகளின் முக்கியத்துவம் என்பது. முதல் நோட்டில், நதிகள் மனித நாகரிகத்தின் தொட்டில் என்று வியாசம் தொடங்கியது. நல்ல வாக்கியந்தான். இரண்டாவது நோட்டிலும் நதிகள் மனித நாகரிகத்தின் தொட்டிலாகவே இருந்தன. ஏழாவது நோட்டுக்கு வரும்போது நமக்குச் சந்தேகம் நீங்கிவிட்டது. இருபத்தாறில் பத்தொன்பது வியாசங்கள் ஒரே தாயின் வயிற்றிற் பிறந்தவை. நைல் நதி வந்தது, கங்கை வந்தது, சிந்து நதி வந்தது. ஒரு நோட்டில் எழுத்துப் பிழையினால் நைல் நதி, 'நெயில்' என்று விரல் நகமாக மாறியிருந்தது. அதே நகம் அடுத்தடுத்த மூன்று நோட்டுகளிலும் தென்பட்டது. ஆனால் அந்தத் திண்ணையிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் மணலாய்க் கிடக்கின்ற பாலாறு ஒரு வியாசத்திலும் இல்லை.

கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வேலூர் வழியாகக் காஞ்சியின் தெற்கே ஓடிக் கடலிற் கலப்பது பாலாறு. அதன் தண்ணீரைப் பற்றி ராஜ்யங்களுக்கிடையே 1892-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு இன்றுவரை வழக்காடுகின்றனர். வருஷத்தில் பெரும்பாகம் வறண்டு கிடக்கும் அதே ஆற்றில் 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்ததை இந்தப் பிள்ளைகள் அனைவரும் தம் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். நைலைப் பற்றி எழுதும் ஒரு பிள்ளைக்கு இதைக் காட்டிலும் பெரிய விஷயம் வேறு என்ன வேண்டும்?

நோட்டு ஒன்றின் சொந்தக்காரியான ஒரு பெண்ணை அழைத்து, "ஏன் அம்மா, உங்கள் ஊர் ஆற்றைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லையே?" என்று கேட்டோம். அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அதை எழுதினால் மார்க்கைக் குறைத்துவிட மாட்டார்களா, ஐயா?" என்று நம்மையே திருப்பிக் கேட்டாள்.

இந்தக் கேள்வி அன்றிலிருந்து நம்மை விட்டு அகலவில்லை. அந்தப் பெண் அறியாமையினால் கேட்கவில்லை, அநுபவத்தினால் கேட்டாள். தனக்குத் தெரிந்ததைச் சொல்வது அபாயம், பிறர் எழுதியதை ஒப்பிப்பது க்ஷேமம் என்பதைப் பன்னிரண்டு வருஷப் படிப்பு அவளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. இங்கிலீஷ் வியாசம் எழுதுவதில் நமது பிள்ளைகள் பின்தங்கியிருப்பதற்கு இலக்கணம் தெரியாமை காரணம், வார்த்தைகள் போதாமை காரணம், தமிழ் வழிக் கல்வி காரணம் என்று பலர் பல விதமாகக் கூறுகிறார்கள். நமது அபிப்பிராயம் வேறு. அவர்களிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லலாம் என்று அவர்களிடம் ஒருவரும் சொன்னதில்லை.

பரீட்சையின் அமைப்பை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டில் முன்பு பிளஸ் டூ இங்கிலீஷுக்கு இரண்டு தாள்கள் இருந்தன. 2018-19-ஆம் கல்வியாண்டு முதல் அவை ஒரே தாளாக்கப்பட்டன. எழுத்துப் பரீட்சைக்கு 90 மார்க்கு, பள்ளியிலேயே இடப்படும் அகமதிப்பீட்டுக்கு 10 மார்க்கு. பாடத்திலுள்ள உரைநடையையும் செய்யுளையும் துணைப்பாடத்தையும் பற்றிச் சுமார் 150 வார்த்தைகளில் எழுத வேண்டிய கேள்விகளுக்கு ஐந்தைந்து மார்க்கு. எந்தப் பாடத்திலிருந்து கேள்வி வரும் என்பதை முன்னதாகவே ஊகித்து, அதற்குரிய விடையை அச்சிட்டு, கடைத்தெருவில் விற்பதற்கு நோட்ஸ் வியாபாரிகளுக்கு வேறு என்ன வசதி தேவை? மாணாக்கர் வாங்குகிறார்கள், நெட்டுருப் போடுகிறார்கள், எழுதுகிறார்கள், தேறுகிறார்கள். தேறிய பிறகு, காலேஜின் முதல் வருஷத்தில், இன்ன காரணத்தால் மூன்று நாள் விடுமுறை வேண்டும் என்று இங்கிலீஷில் நான்கு வரி எழுத முடியாமல் விழிக்கிறார்கள். அந்த நான்கு வரி எந்த நோட்ஸிலும் அச்சாகவில்லையல்லவா?

உபாத்தியாயர்கள் மீது முழுப் பழியையும் சுமத்துவதற்கு நாம் உடன்படோம். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு ஐம்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒரு வியாசம் எழுதச் சொல்லி, நோட்டுக்கு ஐந்தே நிமிஷம் செலவிட்டுத் திருத்தினாலும், நூறு நோட்டுக்கு ஐந்நூறு நிமிஷம். அதாவது எட்டு மணிக்கு மேல். பாடம் நடத்துவதும், சர்க்கார் கேட்கும் புள்ளி விவரங்களைப் பூர்த்தி செய்வதும், தேர்தல் வேலையும் போக, இந்த எட்டு மணி அவருக்கு எங்கிருந்து கிடைக்கும்? ஆகவே பக்கத்தின் அடியில் ஒரு சிவப்புக் கோடும் ஒரு கையெழுத்தும் விழுகின்றன. பிள்ளைக்குத் தன் வியாசம் நன்றாயிருந்ததா, கெட்டுப்போயிருந்ததா என்பதே தெரியாமற் போகிறது. திருத்தப்படாத வியாசம் எழுதப்படாத வியாசத்துக்குச் சமானம்.

'போகட்டும், அந்நிய பாஷையில் வியாசம் எழுதாவிட்டால் தேசத்துக்கு என்ன நஷ்டம்?' என்று கேட்கக்கூடிய நண்பர்கள் நமது வாசகர்களில் உண்டு. அவர்களுடைய உணர்ச்சியை நாம் மதிக்கிறோம். இங்கிலீஷ் வழியாகப் படிக்க நேர்ந்ததால், கணிதமும் ரசாயனமும் வான சாஸ்திரமும் நான்கு வருஷம் எடுத்துக்கொண்டன என்றும், குஜராத்தியில் கற்றிருந்தால் ஒரே வருஷத்தில் முடித்திருக்கலாமென்றும் காந்தியடிகள் 1938-இல் 'ஹரிஜன்' பத்திரிகையில் எழுதினார். அதை நாம் மறுக்கவில்லை. படிப்பு தாய்மொழியில் நடைபெற வேண்டும் என்பதே நமது கொள்கையும். ஆனால் சென்னை ஹைகோர்ட்டின் நடவடிக்கைகள் இன்றும் இங்கிலீஷில்தான் நடக்கின்றன. வைத்தியமும் இஞ்சினீரிங்கும் பெரும்பாலும் இங்கிலீஷிலேயே போதிக்கப்படுகின்றன. பட்டணத்துப் பங்களாக்களில் பிறந்த குழந்தை பால் குடிக்கும்போதே அந்தப் பாஷையைக் கேட்டுவிடுகிறது. தறி மேடையின் அருகே வளரும் குழந்தைக்கு அது பள்ளிக்கூடத்தைத் தவிர வேறெங்கும் கிடைப்பதில்லை. பள்ளிக்கூடமும் அதற்கு நெட்டுருவை மட்டுமே கொடுத்தனுப்புமானால் நஷ்டம் யாருக்கு? பங்களாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1835 பிப்ரவரியில் மெக்காலே பிரபு தம்முடைய கல்விக் குறிப்பை எழுதியபோது, ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே நின்று துபாஷித்தனம் செய்ய ஒரு வகுப்பாரை உண்டாக்குவதே நோக்கம் என்பதை மறைக்கவில்லை. துபாஷிக்குச் சொந்தமான வார்த்தை வேண்டாம். பிறர் சொன்னதைப் பிசகாமல் திருப்பிச் சொன்னாற் போதும். அந்தத் துரைமகனார் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது. 1947-இல் அவருடைய ராஜ்யமும் போயிற்று. ஆயினும் செவிலிமேட்டுப் பெண் ஒருத்தி தன் ஊர் ஆற்றை விட்டுவிட்டு அச்சிட்ட நைல் நதியை ஒப்பிக்கும் வரையில், அவருடைய எண்ணம் ஈடேறிக்கொண்டுதானே இருக்கிறது? அவள் பாலாற்றைப் பற்றித் தன் சொந்த இங்கிலீஷில், இரண்டு பிழைகளோடேனும், எழுதும் நாளில்தான் அந்தப் பாஷை எஜமான ஸ்தானத்திலிருந்து இறங்கி ஊழியம் செய்யத் தொடங்கும்.

இதே காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்தவர் அண்ணாதுரை. இவ்வூர்ப் பச்சையப்பன் பள்ளியில் படித்தார். குடும்பக் கஷ்டத்தினால் நடுவே நகராட்சியில் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்து ஆனர்ஸ் வரை படித்துத் தேறினார். 1957-இல் 'ஹோம்லேண்ட்' என்ற இங்கிலீஷ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1962-இல் ராஜ்ய சபையில் அவர் செய்த பிரசங்கத்தை எதிர்க்கட்சியாரும் உன்னிப்பாய்க் கேட்டார்கள். அவருடைய அரசியலை ஒப்புக்கொள்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. அந்த விவாதம் இங்கே வேண்டாம். இங்கிலீஷ் அவருக்குப் பிறப்பினால் வந்ததன்று என்பதும், அதில் அவர் எழுதியதும் பேசியதும் அவருடைய சொந்த விஷயங்களே என்பதும்தான் நாம் குறிப்பிட விரும்புவது.

எழுதக் கற்பது எப்படி என்பதற்கு வருவோம். நாம் வக்கீல் தொழிலில் பிரவேசித்த புதிதில், முதன்முதலாக ஒரு பிராது தயாரித்துச் சீனியரிடம் கொண்டுபோய்ப் பெருமையோடு கொடுத்தோம். பதினொரு பக்கம். அவர் அதைப் படிக்கவேயில்லை. "உன் கட்சிக்காரனுக்கு என்ன வேண்டும்? வாயால் சொல்" என்றார். சொன்னோம். "ஏன் அது அவனுக்குக் கிடைக்க வேண்டும்?" சொன்னோம். "இப்பொழுது என்னிடம் சொன்னாயே, அதை எழுதிக்கொண்டு வா" என்றார். மூன்றரைப் பக்கத்தில் முடிந்தது. அதிலும் பாதியை அடித்துவிட்டார். அன்று நமக்கு உண்டான ரோஷத்தை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. காலேஜில் நாம் படித்த இங்கிலீஷ் இலக்கியமெல்லாம் சேர்ந்து கற்பிக்காததை அந்த இரண்டு கேள்விகள் கற்பித்தன. வியாசத்துக்கு உட்காரும் மாணாக்கனும் பேனாவை எடுப்பதற்கு முன் தமிழிலேயே தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்: நான் சொல்ல வந்தது என்ன? அப்படி நான் சொல்வதற்கு என் கண்ணில் பட்ட ஆதாரம் என்ன? இதற்கு விடை கிடைக்குமுன் எழுதப்படும் இங்கிலீஷ் எத்தனை அலங்காரமாயிருந்தாலும் வெறும் சத்தமே.

இவ்விஷயத்தில் நமக்குத் தெரிந்த சிறந்த உபாத்தியாயர் ஓர் அச்சுத் தொழிலாளி. அமெரிக்கா தேசத்தின் சுதந்திரத்துக்கு உழைத்தவரான பெஞ்சமின் பிராங்க்ளின் 1706-இல் பாஸ்டன் நகரத்தில் பிறந்தார். பத்து வயதோடு பள்ளிக்கூடம் நின்றது. பன்னிரண்டாம் வயதில் தமையனாருடைய அச்சுக்கூடத்தில் வேலை பழக அமர்ந்தார். பெண்களுக்கு உயர்ந்த கல்வி வேண்டுமா வேண்டாமா என்பது பற்றி அவருக்கும் ஒரு நண்பனுக்கும் வாதம் எழுந்து, இருவரும் கடிதங்களில் எழுதிக்கொண்டார்கள். வேண்டும் என்பது பிராங்க்ளினுடைய கட்சி. அக்கடிதங்களைத் தகப்பனார் பார்த்துவிட்டார். எழுத்துப் பிழையின்மையில் மகன் மேல் என்றும், ஆனால் நயத்திலும் ஒழுங்கிலும் தெளிவிலும் நண்பனே மேல் என்றும் இடங்களைக் காட்டிச் சொன்னார். பையனுக்கு வருத்தம் உண்டாகவில்லை; வைராக்கியம் உண்டாயிற்று.

அப்பொழுது 'ஸ்பெக்டேட்டர்' என்ற லண்டன் பத்திரிகையின் தொகுதி ஒன்று அவர் கையிற் கிடைத்தது. அடிஸனும் ஸ்டீலும் 1711-இல் தொடங்கி நடத்திய பத்திரிகை அது. அதிலிருந்து ஒரு வியாசத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் இரண்டொரு வார்த்தைகளில் குறித்து வைப்பார். சில தினங்கள் அதைத் தொடாமல் விட்டுவிடுவார். பிறகு புஸ்தகத்தைப் பாராமல், குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு முழு வியாசத்தையும் தம் வார்த்தைகளிலேயே எழுதுவார். அதன் பின்னரே மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்துவார். வார்த்தைகள் போதவில்லை என்று கண்டதும், வசனத்தைச் செய்யுளாக்கி, அது மறந்துபோன பின் மறுபடியும் வசனமாக்கிப் பார்த்தார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, பல வாரங்கள் கழித்து அவற்றை வரிசைப்படுத்த முயன்றார். எதை முன் சொல்வது, எதைப் பின் சொல்வது என்னும் வித்தையை அவர் கற்றது இவ்வாறே. ஒரு சில இடங்களில் மூலத்தைவிடத் தம்முடையதே நன்றாயிருப்பதாக அவருக்குத் தோன்றியதாம். இதற்கெல்லாம் நேரம்? வேலை முடிந்த இரவும், வேலை தொடங்குமுன் காலையும், ஞாயிற்றுக்கிழமையுமே.

நெட்டுருவுக்கும் இதற்கும் உள்ள பேதத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டிலும் பிறர் எழுதியதே கையிலிருக்கிறது. நெட்டுருப் போடுகிறவன் வார்த்தைகளை வைத்துக்கொண்டு கருத்தை விட்டுவிடுகிறான். பிராங்க்ளின் கருத்தை வைத்துக்கொண்டு வார்த்தைகளை விட்டுவிட்டார். நமது பாடப் புஸ்தகத்திலுள்ள உரைநடைகளையே இவ்விதம் செய்து பார்க்கலாம். தினசரிப் பத்திரிகையின் சிறு செய்தி ஒன்றைச் செய்து பார்க்கலாம். காசு செலவில்லை, நோட்ஸ் வாங்கும் பணம் மிச்சமாகும். வாரத்துக்கு இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் பத்து வாக்கியம், ஆறு மாதம் இடைவிடாமல் செய்கிற பிள்ளை, அந்த ஆறு மாதத்துக்கு முன் தான் எழுதியதைப் படித்தால் தானே சிரிப்பான்.

இனி, தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே உரிய சில சங்கடங்கள் உண்டு. இவற்றை வெளிப்படையாக எடுத்துச் சொல்வார் குறைவு. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. காலையில் எழுந்து, குளித்து, தறியில் அமர்ந்து, நாலு மணி நேரம் நெய்து, களைத்துப் போய் என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய் ஒரே முற்றில் முடிப்பது நமக்கு அழகு. இதை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டு போகிற பிள்ளை 'அண்ட்' என்ற சொல்லை எட்டு முறை போட்டு ஒன்பதாவது இடத்தில் மூச்சுத் திணறுகிறான். இங்கிலீஷில் எழுவாயும் வினையும் அடுத்தடுத்து நிற்பவை. ஆகையால், யார், என்ன செய்தார் என்பதை முதலில் சொல்லி முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும்படி பழக்க வேண்டும். சிறு வாக்கியம் எழுதுவது சிறுமையென்று நமது பிள்ளைகள் எண்ணுகிறார்கள். எங்கேயோ யாரோ அவர்களுக்கு அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

'எ' என்றும் 'தி' என்றும் பெயர்ச்சொல்லுக்கு முன் இங்கிலீஷ்காரர் போடும் சிறு சொற்கள் நம் பாஷையில் இல்லை. இல்லாததை ஒரு பிள்ளை மறந்துவிட்டால் அது மடமையாகாது. கேட்பவனுக்கு முன்பே தெரிந்த பொருளா, புதிதாக அவனுக்கு அறிமுகப்படுத்தும் பொருளா என்று கேட்டுப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் விடை தானே கிடைக்கும். அப்படியே, 'எனக்குத் தெரியும்' என்பதை 'ஐ ஆம் நோயிங்' என்று எழுதுவதும். அறிதல், விரும்புதல், நம்புதல் போன்ற வினைகளை இங்கிலீஷ்காரர் சாதாரணமாகத் தொடர்வினையாக்குவதில்லை என்று ஒரு முறை, பத்து உதாரணங்களோடு, சொல்லிவிட்டால் அந்தப் பிழை தொண்ணூறு வீதம் மறைந்துவிடும். ஒரே நோட்டில் முப்பது இடங்களில் சிவப்பு மையைத் தெளித்தால் பிள்ளைக்கு அவமானம் மிஞ்சுமேயன்றி ஒன்றும் பதியாது. இந்த வாரம் வினை, அடுத்த வாரம் அந்தச் சிறு சொற்கள் என்று ஒவ்வொரு பிழையாக வேட்டையாட வேண்டும். எட்டு மணிக் கணக்கும் இதனாற் குறையும். பிள்ளைகளே ஒருவர் நோட்டை ஒருவர் வாங்கி, அந்த ஒரு பிழையை மட்டும் தேடலாம்; உபாத்தியாயர் வாரத்துக்குப் பத்து நோட்டை மாத்திரம் முழுமையாகப் படித்தால் போதும்.

அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 150 வார்த்தை என்பது பன்னிரண்டு வாக்கியத்துக்கு மேற்படாது. அதில் முகவுரைக்கு ஐந்து வாக்கியம் செலவழிப்பவன் விஷயத்தை எங்கே வைப்பான்? சொல்ல வேண்டியதைக் குறைத்தல், மிகுத்தல், சொன்னதையே திருப்பிச் சொல்லுதல், முன்னுக்குப் பின் முரணுதல், ஒன்றைத் தொடங்கி வேறொன்றில் முடித்தல் முதலானவற்றைப் பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் வைத்து எண்ணியிருக்கிறார். தமிழ் வகுப்பில் நன்னூலைப் படிக்கும் பிள்ளை, அடுத்த மணியில் இங்கிலீஷ் வகுப்பில் அதை மறந்துவிட வேண்டுமென்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? பத்திக்கும் பத்திக்கும் உள்ள இணைப்பைப் பற்றி அந்தத் திண்ணையில் நாம் விளக்க முற்பட்டபோது, பின்வரிசைப் பையன் ஒருவன், "கோர்வை மாதிரிதானே, ஐயா?" என்றான். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில், வேறு வேறு நாடாவில் ஓடினாலும், சேருமிடம் தெரியாமல் இழுத்தால் பிரியாமல் நிற்பது காஞ்சிப் பட்டின் கோர்வை. நாம் தேடிக்கொண்டிருந்த உபமானத்தை அவன் கையிலேயே வைத்திருந்தான்.

கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். தறியின் மறுபுறத்தில் உட்கார்ந்து கரை நாடாவை எறிவதற்கு ஒரு காலத்தில் சிறு பிள்ளைகளையே அமர்த்தி வந்தார்கள். முன்பணக் கடனுக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் கட்டுண்டு கிடந்ததைப் பற்றி 2003-இல் கூட மனித உரிமை ஸ்தாபனத்தின் அறிக்கை ஒன்று உலகத்துக்கு எடுத்துக் கூறியது. அன்று மாலை வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருந்த ஒரு தகப்பனார், தாமும் ஒன்பது வயதில் அப்படி உட்கார்ந்தவரே என்று நம்மிடம் சொன்னார். மகளுடைய நோட்டை அவரால் படிக்க முடியாது. ஆனால் அதில் சிவப்பு மை விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வாரமும் புரட்டிப் பார்ப்பாராம். மை விழுந்திருந்தால் யாரோ படித்திருக்கிறார்கள் என்று அவருக்குத் திருப்தி. நமது பள்ளிக்கூட நிர்வாகிகள் அவரைப் போல ஒரு முறை புரட்டிப் பார்க்கட்டும்.

திருத்தப்படுவதை அவமானமென்று கருதுகிற பிள்ளைகளுக்கு ஒரு சரித்திரம் சொல்லலாம். காந்தியடிகள் குஜராத்தியில் எழுதிய சுயசரிதையை மகாதேவ தேசாய் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். அது 1927-இலும் 1929-இலும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. 1940-இல் மறுபதிப்பு வந்தபோது, இங்கிலீஷில் பெரும் புலமையுள்ள பெரியவர் ஒருவர் நடையைத் திருத்திக் கொடுத்ததாகவும், தம் பெயரை வெளியிடக் கூடாதென்று அவர் நிபந்தனை விதித்ததாகவும் தேசாய் முன்னுரையில் நன்றியோடு குறித்தார். அப்பெரியவர் வலங்கைமானில் பிறந்த வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியார், ஒரு காலத்தில் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலின் தலைமை உபாத்தியாயராக இருந்து நோட்டுப் புஸ்தகங்களைத் திருத்தியவர். அரசியலில் அவருக்கும் காந்தியடிகளுக்கும் இருந்த அபிப்பிராய பேதம் உலகம் அறிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் காந்தியடிகளின் நிழலாக இருந்து இங்கிலீஷில் எழுதி வந்த தேசாயே தம் கையெழுத்தைப் பிறரிடம் கொடுத்துத் திருத்திக்கொண்டார் என்றால், பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன வெட்கம்?

கைப்பேசியில் இரண்டு வார்த்தை தட்டினால் எந்திரமே நொடியில் வியாசம் எழுதிக் கொடுக்கும் காலம் இது. நோட்ஸ் வியாபாரிக்கே அது போட்டியாக வந்துவிட்டது. இரவல் வியாசத்தின் விலை இனி இன்னும் மலியும். பரீட்சை மண்டபத்திற்குள் அந்த எந்திரம் வரப்போவதுமில்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

சர்க்கார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குச் செலவு அதிகமில்லை. விடைத்தாள் திருத்துவோருக்கு அளிக்கப்படும் குறிப்பில், மாணாக்கர் தம் ஊரிலிருந்தும் அநுபவத்திலிருந்தும் தரும் பொருத்தமான உதாரணங்களுக்கு மார்க்கு உண்டு என்று தெளிவாக எழுதி, அதைப் பள்ளிக்கூடங்களுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அகமதிப்பீட்டின் 10 மார்க்கில் ஒரு பங்கை, ஒரே வியாசத்தைத் திருத்தி இரண்டாம் முறை எழுதுவதற்கென்று ஒதுக்க வேண்டும். அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்களே, நாம் அல்ல.

நமது வாசகர்களான தேச ஊழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் மேடை போடுகிறீர்கள், ஊர்வலம் நடத்துகிறீர்கள், தீர்மானம் நிறைவேற்றுகிறீர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், உங்கள் தெருவிலுள்ள ஐந்து பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் படியுங்கள். இங்கிலீஷ் பண்டிதராக இருக்க வேண்டிய அவசியமில்லை. 'இங்கே எனக்குப் புரியவில்லை', 'இது நீ பார்த்ததா?', 'இதை மறுபடி எழுது' என்று மூன்று குறிப்புகள் எழுதத் தெரிந்தாற் போதும். சாலைக் கிணற்றிலிருந்து ராமானுஜர் கொண்டுபோனது தினம் ஒரு குடந்தான். பரீட்சைக்கு முந்தின மாதம் அண்டா அண்டாவாக ஊற்றிப் பயனில்லை.

சென்ற ஞாயிறன்று மறுபடியும் செவிலிமேட்டுக்குப் போனோம். அந்தப் பெண் தன் வியாசத்தைத் திரும்ப எழுதி வைத்திருந்தாள். நாகரிகத்தின் தொட்டில் போய்விட்டது. தன் பாட்டி சிறுமியாயிருந்தபோது பாலாற்று மணலைக் கையால் தோண்டி, ஊறிய தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்தது முதல் வாக்கியம். இப்பொழுது லாரியில் தண்ணீர் வருவது இரண்டாவது. 2021-இல் தகப்பனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு பாலத்தின் அருகே நின்று வெள்ளம் பார்த்தது அதற்கடுத்தது. நூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகள். அந்தச் சிறு சொற்கள் ஆறு இடங்களில் விட்டுப் போயிருந்தன. இரண்டு வினைகளில் காலம் தவறியிருந்தது. அவற்றைக் குறித்துக் கொடுத்து, லாரித் தண்ணீர் குடம் என்ன விலை என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதினோம். வீட்டில் கேட்டு எழுதி வருவதாகச் சொல்லி நோட்டை வாங்கிக்கொண்டு போனாள்.